எழுவானும் படுவானும்

காலமும் இடமும் உள்பொருள்கள் அல்ல, உணர்வு தன்னுள்ளிருந்து விரித்துக் காட்டும் தோற்றங்களே அவை என்னும் கொள்கை நம்மவர்க்குப் புதியதன்று. அத்துவைதிகள் அதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வந்துள்ளனர். புதியது யாதெனில், அக்கொள்கையைப் பௌதிகவியலே மெய்ப்பித்துவிட்டது என்று கூறும் துணிவாகும். கோயில் மண்டபங்களிற் சொற்பொழிவாற்றுவோர் ஐன்ஸ்டைனின் பெயரையும் சங்கரரின் பெயரையும் ஒரே மூச்சில் உச்சரிக்கின்றனர். அதனைக் கேட்டுவரும் உயர்தர வகுப்பு மாணவர், "காலமே பொய்யென்றால் வரலாற்றை ஏன் படிக்க வேண்டும்?" என நம்மை வினவுகின்றனர். குறும்புக்காகக் கேட்கப்படினும் வினா நேர்மையானது. அதனைத் தட்டிக்கழித்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

ஆயின் இதற்கு விடை தேடி உடனே இமயத்துக்கோ ஜேர்மனிக்கோ புறப்பட வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்தோரின் வரலாறு, காலமும் இடமும் எவ்வளவு தூரம் மனிதர் ஆக்கியவை, எவ்வளவு தூரம் மனிதரைக் கேளாது நிற்பவை என்பதைத் தத்துவ நூல்கள் பலவற்றிலும் தெளிவாகக் காட்டுகின்றது.

எழுத்தில் வாவி என்றும் பேச்சில் ஆறு என்றும் வழங்கும் இந்நீர்ப்பரப்பு, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடல் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலான தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அதன்மேல் இருக்கின்றன. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு முதலியன அப்பக்கத்தன. ஞாயிறு எழும் பக்கம் எழுவான். ஞாயிறு படும் பக்கம் படுவான். இடத்தைக் குறிக்கும் பெயர்கள் இரண்டுமே காலத்திலிருந்து பிறந்தவை. காலமும் இடமும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இக்கரையோர் யாரிடமும் கற்றுக்கொண்டு இப்பெயர்களை இடவில்லை.

இப்பெயர்களில் மற்றொரு நுட்பமும் உண்டு. படுவான்கரையில் நிற்பவன் ஞாயிறு படுவதைத் தன் கரையிற் காண்பதில்லை. அவனுக்கும் மேற்கே காட்டுக்கு அப்பாலேதான் அது மறைகின்றது. அவ்வாறே எழுவான்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலில் எழுகின்றது. எதிர்க்கரையிலிருந்து நோக்குவோனுக்கும், வாவியின் நடுவே தோணியில் நிற்போனுக்குமே இப்பெயர்கள் முழுமையும் மெய்யாகின்றன. ஒவ்வொரு கரையும் மற்றக் கரையின் கண்ணாற் பெயர் பெற்றிருக்கின்றது. காண்போன் நிற்குமிடம் காட்சியிற் கலந்திருக்கிறது என்னும் பேருண்மை இங்கே ஊர்ப்பெயராய் வழங்குகின்றது. அதுகொண்டு காட்சியே பொய் என்று முடிவு கட்டலாமா என்பதுதான் வழக்கு.

மணிக்கூடு வருமுன் இக்கரைகளில் நாள் அறுபது நாழிகையாய் இருந்தது. நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். நிலத்தை அளந்த முறையும் கருதத்தக்கது. வயலின் பரப்பு, அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவாற் கூறப்பட்டது. இத்தனை அவண விதைப்பு என்பது வழக்கு. இடம் என்பது வெறும் வெளியன்று, அதில் இடப்படும் விதையும் உழைப்புமே அதன் அளவு என்று கருதிய ஒரு சமுதாயத்தின் அளவை அது. நிலம் போடியாருக்கு, அந்நிலத்திற் பயிர்செய்து காவல் காத்தவன் முல்லைக்காரன். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவன் பெற்ற கடன் நெல், சூடு மிதித்த களத்திலே கணக்குத் தீர்க்கப்பட்டது. காலம் மாயை என்று போதித்த பெரியோர் பலர், அம்மாதங்களுக்கு ஏறிய வட்டியை மட்டும் மாயையென விட்டுக்கொடுத்ததாய் நாம் கேள்விப்பட்டதில்லை.

பின்னர் மணிக்கூடு வந்தது. 1884இல் வாஷிங்டனிற் கூடிய நாடுகள் கிரீனிச்சை முதல் நெடுங்கோடாக ஏற்றன. அதன் பின்னரும் இலங்கை, கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முந்திய தன் சொந்த நேரத்தையே சில காலம் வைத்திருந்தது. 1906 ஜனவரி முதலாந் திகதி அது ஐந்தரை மணியாக்கப்பட்டது. ஐந்தரை மணிக்குரிய நெடுங்கோடு 82½ பாகையாகும். அக்கோடு இலங்கை மண்ணில் எவ்விடத்தையும் தொடுவதில்லை. மட்டக்களப்புக்குக் கிழக்கே வங்கக் கடலின்மேற் செல்கின்றது. ஆகவே நம் சுவரிலுள்ள மணிக்கூடு காட்டுவது நம் நாட்டில் எந்த ஊருக்கும் உரிய நேரமன்று. கடல் மீன்களின் நேரம்! ஞாயிற்றுக் கணக்கின்படி மட்டக்களப்பு அந்நேரத்துக்கு மூன்று நிமிடமளவிலும், கொழும்பு பத்தரை நிமிடமளவிலும் பிந்தியிருக்கின்றன. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தபோது அந்தக் கடல் நேரம் நிலையத்து மணிக்கூட்டில் ஏறி, இரு கரைக்கும் அதிகாரியாயிற்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆலை முதலாளித்துவம் உழைப்பாளரின் நாளை எவ்வாறு மணிக்கூட்டுக்கு அடிமைப்படுத்திற்று என விளக்குகின்றது. நம் வயலோரத்தில் ஆலை இல்லை. ஆனால் கந்தோரும் பாடசாலையும் புகையிரதமும் அப்பணியை ஓரளவு செய்தன.

இக்காலத்தில்தான் வாவிக்கரை தன் பெருமகனை ஈன்றது. 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் விபுலாநந்த அடிகளாயினார். துறவியும் தமிழறிஞருமாய் அவரைப் போற்றுவோர், அவர் முதலில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். 1922இற் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். விவேகானந்தரின் ஞானயோக உரைகளைத் தமிழில் தந்தவரும் அவரே.

அவ்வுரைகளிலேதான் நம் வினா அதன் கூர்மையான வடிவில் வருகின்றது. 1896இல் விவேகானந்தர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், முழுமுதற் பொருளானது காலம், இடம், காரணகாரியம் என்னும் மூன்றினாலாய கண்ணாடியூடாகக் காணப்படும்போது உலகமாய்த் தோற்றுகின்றது என்று விளக்கினார். ஐரோப்பியருக்கும் இஃது அந்நியமன்று. காலமும் இடமும் எல்லாவற்றையும் கொள்ளும் தனிப்பெரும் கொள்கலங்கள் என நியூற்றன் 1687இற் கூறினார். அவை புறத்தே உள்ளவையல்ல, நம் அறிவு பொருள்களைக் காணும் வடிவங்களே எனக் கான்ற் 1781இல் மறுத்தார். விவேகானந்தர் கான்ற்றின் மொழியை அறிந்தே பேசினார். ஆயினும் அவர் ஒன்றைத் தெளிவுறச் சொல்லியிருந்தார். காலமும் இடமும் தனித்து நிற்கும் இருப்பற்றவை. அதற்காக அவை முற்றிலும் இல்லாதவையும் அல்ல. திரையைக் கடலினின்று பிரித்தெடுக்க முடியாது. ஆயினும் திரை இல்லையென்று எவரும் கூறார். இன்றைய மேடைப் பேச்சாளர் இப்பகுதியை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாயை என்றதும் பொய் என்று பொருள் கொள்வது நம் சைவர்க்கே உரிய மரபன்று. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். காலம் அம்மாயையிலிருந்து தோன்றும் தத்துவங்களுள் ஒன்று. தோன்றியது என்பதனால் அது பொய்யாகிவிடாது. பொருளின் இருப்பு வடிவங்களே காலமும் இடமும் என்று ஏங்கெல்ஸ் 1878இல் எழுதியதற்கும், 1909இல் லெனின் அதனை வற்புறுத்தியதற்கும் சித்தாந்தத்துக்கும் இடையே பெருங்கடல் கிடக்கின்றது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் உலகு உள்பொருள் என்னும் அளவில் நம் கிராமத்துச் சைவர், தம்மை அறியாமலே, மாயாவாதியைவிட லெனினுக்கு அருகில் நிற்கின்றார்.

தத்துவ வாதம் இவ்வளவில் நிற்க. வாவிக்கரையிலேயே காலம் இரண்டாய்ப் பிளந்த கதைக்கு வருவோம்.

மணிக்கூட்டு நேரம் அரசின் கையிலுள்ள ஒன்று என்பதை இலங்கை மக்கள் முன்னரே கண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் நேரம் இரு தடவை முன்தள்ளப்பட்டு, போர் முடிந்த 1945 ஒக்டோபரிற் பழைய நிலைக்கு மீண்டது. 1996இல் மழை பொய்த்து, நீர்மின்சாரம் அருகியபோது அதே உத்தி மீண்டும் கையாளப்பட்டது. அவ்வாண்டு மே 25இல் நாடெங்கும் மணிக்கூடுகள் ஒரு மணிநேரம் முன்னே நகர்த்தப்பட்டன. ஒக்டோபர் 26இல் அரைமணி பின்வாங்கப்பட்டன. எஞ்சிய அரைமணி அவ்வாறே நிலைத்துவிட்டது. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் அந்த ஆணை செல்லவில்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. எழுவான்கரை அரசபடையின் பிடியிலும், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் பிடியிலும் இருந்தமையால், வாவி ஒரு நேர எல்லையாயிற்று.

இதன் விந்தையைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். இந்த அகலாங்கில் ஞாயிறு ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ இரண்டு செக்கன் ஆகும். வாவி இரண்டு கிலோமீற்றர் அகன்ற இடத்தில் இரு கரைக்கும் இயற்கை வகுத்த நேர வேறுபாடு நாலைந்து செக்கன் மாத்திரமே. மனிதர் வகுத்த வேறுபாடோ முப்பது நிமிடம். பட்டினத்தில் ஏழு மணிக்குப் புறப்பட்ட ஆசிரியர் ஒருவர், அரைமணிநேரம் பயணஞ்செய்து, அக்கரைப் பாடசாலையை ஏழு மணிக்கே அடையலாம். பயணத்துக்குக் காலமே செல்லவில்லை! மாலையில் அதே பயணத்துக்கு ஒரு முழு மணிநேரம் கணக்காகும். மாயாவாதிக்கு இதனினும் சிறந்த சான்று எங்கே கிடைக்கும்?

எமது தலைமுறை பள்ளிப் பருவம் முழுவதையும் இவ்விரு நேரங்களின் நடுவே கழித்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேளாமல் எவரும் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டதில்லை. ஏனெனில் எழுவான்கரையிலும் பஞ்சாங்கமும் இராகு காலமும் கோயிற் பூசையும் பழைய நேரத்தையே பற்றி நின்றன. கந்தோரும் பாடசாலையும் புது நேரத்தில் நடந்தன. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் ஞாயிற்றைப் பின்பற்றியதால், எண் மாறியதேயன்றித் தொழுகை மாறவில்லை. சாதாரண மக்கள் எவரும் இதனால் மயங்கிப் போகவில்லை என்பது மனங்கொளத்தக்கது. நேரம் ஒரு பெயர், அதனை இடுபவர் இருவர், இடப்படும் பொருளோ ஒன்றே என்பதை அவர்கள் மிக நன்றாய் அறிந்திருந்தனர். வவுணதீவுச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்க்கு நேரம் இரண்டு. நின்ற நிலை ஒன்று.

பெயருக்கும் பொருளுக்குமுள்ள இவ்வேறுபாட்டை 2004 டிசெம்பர் 26 மிகக் கொடூரமாய் வெளிப்படுத்திற்று. சுமாத்திராவின் கடலடியில் நிலம் நடுங்கியபோது எழுவான்கரை மணிக்கூடுகள் காலை 6.59 காட்டின; படுவான்கரை மணிக்கூடுகள் 6.29 காட்டின. பேரலை நம் கிழக்குக் கரையை அடைய இரண்டு மணிநேரமளவு சென்றது. அந்த இடைவெளி எந்த மணிக்கூட்டால் அளப்பினும் ஒன்றே. 6.59இலிருந்து எண்ணினாலும் 6.29இலிருந்து எண்ணினாலும் அதில் ஒரு செக்கன் கூடவோ குறையவோ இல்லை. நாவலடியிலும் கல்லடியிலும் கடற்கரையில் நின்ற மக்களுக்கு அந்த இரண்டு மணிநேரத்துள் ஓர் எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. அக்காலத்தில் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கோ பல பத்தாண்டுகளாக ஒன்று இருந்தது. காலம் மாயையாயின் அந்த இரண்டு மணிநேரமும் மாயையே. அதனை வீணாக்கியோர்க்குப் பொறுப்பும் இல்லை. இக்கொள்கை யாருக்கு வசதியானது என்பதை வாசகரே கூறட்டும்.

பௌதிகவியலின் பெயரால் மாயையை நிறுவுவோர் சறுக்கி விழுவதும் இவ்விடத்திலேதான். 1905இல் ஐன்ஸ்டைன் காட்டியது யாது? ஒன்றுக்கொன்று சார்பாக இயங்கும் இரு நோக்குநர், எந்நிகழ்ச்சிகள் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்பதிலும், ஒரு நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலும் உடன்படவேண்டியதில்லை என்பதாகும். நியூற்றனின் தனிப்பெரும் காலம் அத்துடன் வீழ்ந்தது உண்மையே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1908இல் ஐன்ஸ்டைனின் பழைய ஆசிரியர் மின்கோவ்ஸ்கி, காலத்தையும் இடத்தையும் சேர்த்து அளக்கும் ஓர் இடைவெளி உண்டு, அஃது எல்லா நோக்குநர்க்கும் ஒன்றே என நிறுவினார். எந்த நோக்குநரின் கணக்கிலும் காரணத்துக்கு முன் காரியம் வருவதில்லை. நிலநடுக்கத்துக்கு முன் பேரலை வந்ததாய்க் காணும் கண் இப்பிரபஞ்சத்தில் எங்கும் இல்லை. விவேகானந்தர் கூறிய மூன்றனுள் மூன்றாவதாகிய காரணகாரியத்தைச் சார்புக் கொள்கை தகர்க்கவில்லை, அதற்கு அரணிட்டது.

இதன் பயனை இன்று நம் மீனவரே கையில் வைத்திருக்கின்றனர். கடலில் வழிகாட்டும் ஜீ.பி.எஸ். கருவிக்குச் செய்தி அனுப்பும் செய்மதிகளின் மணிக்கூடுகள், பூமியிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடுகின்றன. சார்புக் கொள்கையின்படி அது திருத்தப்படாவிடின், ஒரே நாளில் இடக்கணக்கு பத்துக் கிலோமீற்றரளவு பிழைத்துவிடும். பொய்த்தோற்றமொன்றைத் திருத்தி எவரும் கரை சேர்வதில்லை.

நேர்மையாய் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். காலமும் இடமுமே அடிப்படை அல்ல, அவற்றினும் ஆழமான ஏதோவொன்றிலிருந்து விளைபவை என இன்று பௌதிகவியலாளர் சிலர் கருதி ஆராய்கின்றனர். முடிந்த முடிபாக அஃது இன்னும் ஏற்கப்படவில்லை. ஒருவேளை நாளை ஏற்கப்பட்டாலும், விளைவது பொய் என்றாகாது. வெப்பம் என்பது மூலக்கூறுகளின் அசைவிலிருந்து விளைவதே, அடிப்படைப் பொருளன்று. அடுப்பில் கைவைப்பவன் சுடுபடுகின்றான்.

உணர்வைப் பற்றியும் இவ்வாறே கூறுவோம். காத்திருப்பவனுக்கு நாழிகை நீள்வதும், பரணில் யானைக் காவலிருப்பவனுக்கு இரவு விடியாததும் வெறும் மயக்கமல்ல. அவை உணர்வின் உண்மைகள். உழைப்பும் அச்சமும் உணர்வில் எழுதிய கணக்குகள். கடந்த காலம் இல்லாதது என்று கூறுவோரை நாம் இக்கரைகளுக்கு அழைத்துச் செல்லலாம். 1987 ஜனவரி 28உம் 1991 ஜூன் 12உம் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கத்து வீடுகளில் இன்றும் கடந்துபோகவில்லை. முன்னைய இரண்டும் அரசபடையினர் செய்த கொலைகளின் நாள்கள். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடியிற் கடந்துபோகவில்லை. அது பள்ளிவாசலிற் தொழுதுகொண்டிருந்தோரைப் புலிகள் சுட்டுக்கொன்ற இரவு. ஒரு கரையின் நினைவு மற்றக் கரையின் நினைவைத் தெரிந்துகொள்ள மறுக்கின்றது. மணிக்கூட்டு வேறுபாட்டைவிட இவ்வேறுபாடு பெரிது. அதற்கு நாம் எந்தத் தத்துவத்தையும் குற்றஞ்சாட்டவில்லை.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். நம் முற்போக்கு நண்பர் சிலர் அவரைத் துறவி என ஒதுக்கிவிடுகின்றனர். பக்தர் சிலர் அவரைப் படமாக்கி மாலையிட்டு விடுகின்றனர். இரு சாராரும் அவர் செய்த வேலையைப் பார்ப்பதில்லை. 1929இல் கல்லடி உப்போடையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே, சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய்ச் சென்றபோது, அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குத் தாமே பாடஞ் சொல்லிக்கொடுத்தார். 1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். உலகு வெறுந்தோற்றம் என மெய்யாக நம்பியவன் அதன் பொருள்களுக்குப் பெயர் தேடி இவ்வளவு அலைய மாட்டான்.

1939 முதல் 1941 வரை அவர் இமயச் சாரலில் ஓர் அத்துவைத ஆசிரமத்தில் இருந்து 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார். அவ்விடத்தின் பெயர் மாயாவதி! உருவ வழிபாடும் விலக்கப்பட்ட அந்தத் தூய அத்துவைதச் சூழலிலும் அவர் மனத்தில் இடையறாது ஒலித்தது பழந்தமிழரின் யாழ் நரம்பு. மறைந்துபோன யாழ்க் கருவிகளின் அமைப்பையும், பண்களின் சுரநிலைகளையும், இலக்கியச் சான்றுகளையும் கணிதத்தையும் கொண்டு மீட்டெடுக்க அவர் ஆண்டுக்கணக்காய் உழைத்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இடத்தின் அளவு காலத்தின் அதிர்வாகிச் செவியில் இசையாகின்றது. இந்த விகிதம் கேட்போனின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மதுரையில் மீட்டிய பாணனுக்கும் காரைதீவுத் துறவிக்கும் அஃது ஒன்றே. அதனாலேதான் இறந்துபட்ட கருவியைக் கணக்கினால் மீட்க முடியும் என அவர் துணிந்தார். கேட்டறியாத இசையை நரம்பின் நீளத்திலிருந்து கண்டறிய முயன்ற அவ்வுழைப்பில், காலம் மாயை என்னும் கொள்கைக்கு எங்கே இடமிருக்கின்றது? கொள்கையில் அடிகள் வேதாந்தி. தொழிலில் அவர் அளந்து பார்ப்பவர். நாம் அவருடைய தொழிலின் பக்கம் நிற்கின்றோம்.

1947 ஜூனில், தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகள் மறைந்தார். கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வாவியின் பாடும் மீன்களை நீரரமகளிரெனக் கண்டு பாடியவருக்குப் பொருத்தமான இடம்.

இரு நேரங்களின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. 2006 ஏப்பிரல் 15இல் அரசு மணிக்கூடுகளை அரைமணி பின்னே நகர்த்திப் பழைய ஐந்தரை மணிக்கே மீண்டது. ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பின் எழுவானும் படுவானும் ஒரே நேரத்தைக் காட்டின. அவ்வாண்டு முடியுமுன்னரே கிழக்கில் போர் மீண்டும் மூண்டுவிட்டது. 2007இன் தொடக்க மாதங்களிற் படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளோடு வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களுக்கு வந்தனர். அவ்வாண்டு ஜூலையிற் கிழக்கு முழுவதும் அரசின் கைக்குட் சென்றது. மணிக்கூடுகள் ஒத்துப்போனமை ஆயுதங்களை ஒத்துப்போகச் செய்யவில்லை.

2014 ஏப்பிரலில் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை அத்துறையைக் கடக்க மக்கள் நம்பியிருந்த தட்டையான மிதவைக்கு இப்பகுதியில் 'பாதை' என்று பெயர். பிரசவ வேதனையிலிருந்த பெண்ணும், பாம்பு தீண்டிய முல்லைக்காரனும், சந்தைக்கு நெல் கொண்டுபோனவனும் அந்தப் பாதை வரும்வரை துறையிற் காத்திருந்தனர். கொக்கட்டிச்சோலைக்கும் மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கும் இடையேயுள்ள தூரத்தை வரைபடத்தில் எவரும் குறைக்கவில்லை. பாலம் வந்தபின் அது குறைந்தது. தெற்கே குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் அதன் பின்னரும் பாதைகளே ஓடின. அத்துறைகளில் நின்றவர்க்குத் தூரம் குறையவில்லை.